உப்பாகிப் போன ஓடம்

முன்னொரு காலத்தில், கரடிகள் தேன் கேட்டு வீட்டுக் கதவைத் தட்டிய காலத்தில், வடக்கே பனி நாட்டில் லிதுவேனியா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்லபடியாக முடிந்த கதை. நடுவில் கொஞ்சம் பயம் காட்டும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராஜ்யத்தின் எல்லையில் இரண்டு ஆறுகள் கூடின. இரண்டு ஆறு கூடினால் மூன்று கரை வரும் அல்லவா? வடகரை லிதுவேனியருடையது. மேற்குக் கரை போலந்துக்காரருடையது. தென்கரை ருத்தேனியருடையது. மூன்று கரைக்கும் சேர்த்து ஒரே ஓடம். ஓட்டுகிறவன் பேர் அல்கிஸ். வடகரைத் துறையில் சத்திரம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவள் அவன் மனைவி தைனோரா.

தைனோராவின் கைப்பக்குவத்துக்காகவே ஓடம் ஏறியவர்கள் உண்டு. ரை என்ற தானியத்தை அரைத்து, நம் தோசை மாவு போலப் பொங்கப் பொங்கப் புளிக்க வைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டி. மீந்த ரொட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு நுரைக்க வைத்த கிரா என்ற பானம். தேனிலிருந்து எடுத்த மது; அதை வடகரையில் மீதுஸ் என்பார்கள், மேற்கில் மியூத் என்பார்கள், தெற்கில் மேத் என்பார்கள். நம் வாயில் வரும் ‘மது’வும் அந்தக் கூட்டத்துச் சொல்தான். எல்லாவற்றுக்கும் மேலே, பீட்ரூட் போட்ட சிவப்புச் சூப்.

“பார்ஷ்செய் கொண்டு வா!” என்பான் வடகரைக்காரன்.

“பார்ஷ்ச் இருக்கிறதா?” என்பான் மேற்குக் கரைக்காரன்.

“போர்ஷ்ச் ஒரு கிண்ணம்!” என்பான் தென்கரைக்காரன்.

எங்கள் பேர்தான் சரி, எங்கள் பேர்தான் சரி என்று மேசையைத் தட்டுவார்கள். தைனோரா ஒரே பானையிலிருந்து மூன்று கிண்ணம் ஊற்றி வைப்பாள். சத்தம் அடங்கிவிடும். “இது யாருடைய சூப்?” என்று யாராவது கிண்டினால், “பசித்தவருடைய சூப்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது, ஒரு குளிர்காலக் கடைசியில், வெள்ளை அங்கி போட்ட ஓர் உப்பு வியாபாரி மூன்று அரசர்களையும் தேடிப் போனான். வியாபாரி என்பது வேஷம். அவன் பேர் கல்தூன், பெரிய சூனியக்காரன். அவன் நாக்குக்கு ருசி தெரியாது. அதனால் மற்றவர்களுடைய ருசியைத் திருடித் தின்பதே அவன் பிழைப்பு.

வடகரை அரசரிடம் சொன்னான்: “அரசே, உங்கள் சூப்பை அக்கரைக்காரர்கள் திருடிவிட்டார்கள். ரொட்டியையும் திருடிவிட்டார்கள். தேன்மதுவையும் திருடிவிட்டார்கள்.” பிறகு ஓர் உப்புச் சிமிழை நீட்டினான். “இதில் ஒரு சிட்டிகை எடுத்து ஆற்றில் தூவி, ‘எனக்கே, எனக்கே, எனக்கு மட்டுமே’ என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் வேறு எவனாலும் சமைக்க முடியாது.”

மேற்குக் கரை அரசரிடமும் இதையே சொன்னான். தென்கரை அரசரிடமும் இதையே சொன்னான். நாள் குறித்துக் கொடுத்தான். குறித்த காலையில் மூன்று அரசர்களும் தத்தம் கரையில் நின்று, உப்பைத் தூவி, “எனக்கே, எனக்கே, எனக்கு மட்டுமே” என்றார்கள்.

அவ்வளவுதான். மூன்று ராஜ்யத்திலும் பீட்ரூட் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாயிற்று. கறுப்பு ரொட்டி கல்லாயிற்று. தேன்மது வெறும் தண்ணீராயிற்று. ருசி எல்லாம் கல்தூனின் சிமிழுக்குள் போய் அடைந்துகொண்டது.

அந்த நேரத்தில் அல்கிஸின் ஓடம் நட்டாற்றில் இருந்தது. ஓடத்தில் மூன்று கரைப் பயணிகள் பத்துப் பேர், ஒருவர் மூட்டையிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அரசர்களின் சொல் மூன்று பக்கமிருந்தும் வந்து அந்த ஓடத்தின்மேல் மோதியது. துடுப்பு நின்றது. பேச்சு நின்றது. ஓடம் நங்கூரம் போட்டதுபோல நீரோட்டத்தில் அசையாமல் நின்றது.

தைனோரா துறையிலிருந்து பார்த்தாள். “அல்கிஸ்!” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. சின்னப் படகை எடுத்துக்கொண்டு போனாள். கணவன் துடுப்பைப் பிடித்தபடி, வாய் பாதி திறந்து, ஏதோ வேடிக்கை சொல்ல வந்தவன் போல நின்றான். தலை முதல் கால் வரை வெள்ளை. தொட்ட விரலை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பு. பதினொரு பேரும் உப்பு.

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு அவன் சட்டைக் கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் பயறு அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. தைனோரா பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழக்கூட முடியாத கஷ்டம் எப்படிப்பட்டது, பாருங்கள்!

வீட்டுக்கு ஓடி, ஆட்டுத்தோல், கம்பளி, மெழுகுத்துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து பதினொரு பேரையும் போர்த்தினாள். வானத்தைப் பார்த்தாள். நல்லவேளை, மேகம் இல்லை. ஆனால் வசந்தகால மழை எத்தனை நாள் காத்திருக்கும்?

சத்திரத்து அடுப்பின் அடியில் ஒரு பாம்பு இருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு சாதுவான பாம்பு இருக்கும். கன்னத்தில் இரண்டு மஞ்சள் பொட்டு. தைனோரா தினமும் அதற்குக் கிண்ணத்தில் பால் வைப்பாள். அன்றைக்கும் கைப்பழக்கத்தில் பாலை வைத்தாள். பாம்பு பாலைத் தொடவில்லை. தலையைத் தூக்கிப் பேசிற்று.

“தைனோரா, நாரைகள் தெற்கேயிருந்து கிளம்பிவிட்டன. அவை வந்து இறங்கும்போது மழையும் வரும். உனக்கு மூன்று நாள் இருக்கிறது.”

ஏழு வருஷமாகப் பேசாத பாம்பு பேசுகிறதே என்று அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. “மூன்று நாளில் என்ன செய்யட்டும், சொல்!” என்றாள்.

“மூன்று வாய் சொன்ன மந்திரம் இது. அதே மூன்று வாயும் ஒரே பானையில் சாப்பிட்டு ‘நமக்கு’ என்று சொன்னால் அவிழும்.”

“எதைச் சமைக்க? எல்லாமே வெளுத்துப் போய்விட்டதே!”

“தனக்கென்று வைத்ததுதான் வெளுத்தது. இன்னொருவருக்கென்று மனதார எடுத்து வைத்தது கெடவில்லை. தேன்மது தேடு. புளித்த மாவு தேடு. பீட்ரூட் தேடு. கரைக்கு ஒன்று கிடைக்கும்.”

சொல்லிவிட்டுப் பாம்பு பாலைக் குடித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டது.

முதல் நாள் வடகரைக் காட்டுக்குள் போனாள். தேன் எடுக்கிற கஜீஸ் என்பவர் அங்கே இருந்தார். மகளின் கல்யாணத்துக்கென்று அவள் பிறந்த அன்றே ஒரு சின்னப் பீப்பாய் தேன்மதுவை மண்ணில் புதைத்து வைத்திருந்தார். “கல்யாணம் அடுத்த மாதம் அம்மா, இதில் எப்படிக் கை வைப்பேன்?” என்று இழுத்தார். மகள் உர்ஷுலே உள்ளேயிருந்து மண்வெட்டியோடு வந்தாள். “அப்பா, என் மாப்பிள்ளை ஊரிலிருந்து அந்த ஓடத்தில்தானே வரவேண்டும்? ஓடக்காரர் இல்லாமல் கல்யாணம் எங்கே நடக்கும்?” என்று கேட்டு, தானே தோண்டினாள். மூடியைத் திறந்ததும் லிண்டன் மரப் பூவின் வாசனை காடு முழுக்கப் பரவியது. தைனோராவுக்கு முதல் தடவையாக மூச்சு சரியாக வந்தது.

இரண்டாம் நாள் மேற்குக் கரைக்குப் படகு வலித்தாள். துறையில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“எந்தக் கரை?”

“வடகரை.”

“எங்கள் சூப்பைத் திருடின கரையா? இப்போது எதைத் திருட வந்தாய்? சொல், சூப் யாருடையது?”

“பசித்தவருடையது.”

காவலன் மூன்று நாளாகக் கல் ரொட்டியைக் கடித்துப் பல் ஆடிப்போனவன். அந்தச் சொல்லைக் கேட்டு அவன் வயிறு கடமுடா என்றது. ஈட்டி தானாகத் தாழ்ந்தது.

அந்தக் கரையில் போகுமீலா என்ற விதவை ஒருத்தி இருந்தாள். தினமும் சாப்பாட்டு மேசையில் ஓர் இடத்தைக் காலியாக விடுவாள், சொல்லாமல் வரும் விருந்தாளிக்காக. பதினாறு வருஷமாக ஒருவரும் வரவில்லை. தைனோரா கதவைத் தட்டினதும் அவள் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. “வந்துவிட்டாயா!” என்றாள். அந்த விருந்தாளிக்கென்று மூடி வைத்திருந்த ஜாடியைத் திறந்தாள். ஊரில் எல்லாருடைய மாவும் கல்லாகிக் கிடக்க, அதற்குள் மட்டும் ரை மாவு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஜாடியோடு எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு கிடைத்தாயிற்று. இன்னும் ஒன்று.

மூன்றாம் நாள் தென்கரை. அங்கேதான் தைனோரா திண்டாடிப் போனாள். வீடு வீடாகக் கேட்டாள். எல்லா வீட்டிலும் வெளுத்த பீட்ரூட்தான். ஊர்க் கோடியில் ஓஸ்தாப் என்ற முரட்டு மனிதரின் வீடு. மூன்று வருஷமாக யாரோடும் பேச்சில்லாதவர். அவருடைய நிலவறையில் ஒரு பீப்பாய் நிறைய உப்பு நீரில் புளிக்கவைத்த பீட்ரூட், ரத்தினம் போலச் சிவப்பாக இருந்தது.

“தொடாதே,” என்றார் ஓஸ்தாப்.

“ஐயா, நாலே நாலு போதும்.”

“ஒன்றுகூடத் தரமாட்டேன். அது என் தம்பிக்கு எடுத்து வைத்தது. தனிலோவுக்கு அதென்றால் உயிர். நிலத்தகராறில் நான் கை ஓங்கிவிட்டேன். கோபித்துக்கொண்டு வடகரைக்குப் போய்விட்டான். வருஷா வருஷம் அவனுக்கென்று ஒரு பீப்பாய் போட்டு வைக்கிறேன். அவனே வந்து கேட்டால்தான் கொடுப்பேன்.”

தைனோரா அப்படியே நின்றாள். “உங்கள் தம்பிக்கு இடது புருவத்தில் தழும்பு இருக்குமா?”

ஓஸ்தாப்பின் முகம் மாறிற்று. “உனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தழும்பு என் கையால் விழுந்தது.”

“ஐயா, ஓடம் ஏறுவதற்கு முன்னால் அவர் என் சத்திரத்தில் சாப்பிட்டார். ஒரு பை நிறைய உலர்ந்த காளான் வைத்திருந்தார். விலைக்கா என்று கேட்டேன். இல்லை அக்கா, அண்ணனுக்கு, என்றார். உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார். இப்போது உப்பாக நிற்கிறார். மழை வந்தால் கரைந்துவிடுவார்.”

ஓஸ்தாப் நாலு பீட்ரூட்டை எடுக்கவில்லை. பீப்பாயையே அணைத்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார். தைனோரா பின்னால் ஓடவேண்டியிருந்தது.

அவர்கள் படகில் ஏறும்போது தெற்கு வானத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நாரைகள். அவற்றின் பின்னால் கருமேகம்.

“வேகமாக வலியுங்கள் ஐயா!”

நட்டாற்று ஓடத்தில் மண்ணடுப்பு ஒன்று இருந்தது. தைனோரா அங்கேயே தீ மூட்டிப் பானையை ஏற்றினாள். பீட்ரூட்டை அரிந்து போட்டாள். பீப்பாய்ச் சாற்றை ஊற்றினாள். புளித்த மாவைக் கரைத்து விட்டாள். மீந்த மாவைத் தட்டி, உள்ளே பீட்ரூட்டைப் பொதிந்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளாகப் பிடித்து வேகவைத்தாள். கடைசியில் ஒரு கரண்டி தேன்மது. பானை சிவந்தது. ஆவி எழுந்தது. காற்று அதை மூன்று கரைக்கும் எடுத்துக்கொண்டு போயிற்று.

நான்கு நாளாக வெளுத்த பீட்ரூட்டைத் தின்று வெறுத்துப் போயிருந்த அரசர்களுக்கு அந்த வாசனை எட்டினால் சும்மா இருப்பார்களா? வடகரையிலிருந்து ஒரு படகு வந்தது. மேற்கிலிருந்து ஒரு படகு வந்தது. தெற்கிலிருந்து ஒரு படகு வந்தது. மூன்று அரசர்களும் ஓடத்தில் ஏறினார்கள். தென்கரை அரசரின் பின்னால், வெள்ளை அங்கியில், சிமிழைக் கையில் இறுக்கிக்கொண்டு கல்தூன் நின்றான்.

“ஆகா, என் பார்ஷ்செய்!” என்றார் வடகரை அரசர். பானையில் ஒரு பக்கம் வெளுத்தது.

“என் பார்ஷ்ச்!” என்றார் மேற்குக் கரை அரசர். இன்னொரு பக்கம் வெளுத்தது.

“என் போர்ஷ்ச்!” என்றார் தென்கரை அரசர். நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு மிஞ்சியது.

“நிறுத்துங்கள்!” என்று தைனோரா கத்தினாள். அரசர்களைப் பார்த்துக் கத்துகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. “மூன்று பேரும் என்ன சொன்னீர்கள்? அந்த ‘என்’னை எடுத்துவிட்டுப் பேரை மட்டும் சொல்லுங்கள்.”

“பார்ஷ்செய்.”

“பார்ஷ்ச்.”

“போர்ஷ்ச்.”

அரசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்குக் கரை அரசருக்கு முதலில் சிரிப்பு வந்தது. “ஒரே பேரை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்புகிறோம் போலிருக்கிறதே!” என்றார்.

கல்தூனுக்கு வயிறு எரிந்தது. “நம்பாதீர்கள் அரசே, இவள் திருடி!” என்று முன்னால் வந்தான். ஆனால் தைனோரா அவனைக் கவனித்துவிட்டாள். அவன் கண் அவள் மேல் இல்லை. கொழுக்கட்டைத் தட்டின் மேல் இருந்தது. எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். அத்தனை ருசியைத் திருடி வைத்திருந்தும் அவனுக்குப் பசி ஆறவே இல்லை.

அவள் தட்டை எடுத்தாள். “ஐயா, நீங்களும் பசித்தவர் போலிருக்கிறீர்களே. வாருங்கள், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுங்கள். அரசே, நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தட்டை அரசர்கள் பக்கம் திருப்பினாள்.

வடகரை அரசர் கை நீட்டினார். கல்தூனுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து தட்டைப் பிடுங்கினான். “விடு! எனக்கே! எனக்கே! எனக்கு மட்டுமே!” என்று கத்திவிட்டான்.

கத்திய பிறகுதான் எந்த ஓடத்தில் நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கால் விரல் வெளுத்தது. முழங்கால் வெளுத்தது. இடுப்பு, கழுத்து, திறந்த வாய் எல்லாம் வெளுத்தன. தட்டைப் பிடித்தபடி உப்பாகி நின்றான். முதல் மழைத்துளி அவன் மூக்கில் விழுந்தது. மூக்கு கரைந்தது. அடுத்த துளியில் காது. அரசர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூனியக்காரன் வழிந்து பலகை இடுக்கு வழியாக ஆற்றில் கலந்துவிட்டான். சிமிழ் மட்டும் உருண்டு கிடந்தது.

ஆனால் மழை அவனுக்கு மட்டும் பெய்யவில்லையே! ஆட்டுத்தோல் நனைந்தது. கம்பளி ஊறியது. அல்கிஸின் தொப்பி விளிம்பிலிருந்து வெள்ளையாகச் சொட்டியது. ஓஸ்தாப் தம்பியின் மேல் குனிந்து, தன் முதுகால் மழையைத் தடுத்துக்கொண்டு நின்றார்.

“சீக்கிரம்! ஒரு வாய் சாப்பிட்டு ‘நமக்கு’ என்று சொல்லுங்கள்!”

மேற்குக் கரை அரசர் அகப்பையிலேயே எடுத்துக் குடித்தார். “நமக்கு” என்றார்.

தென்கரை அரசர் குடித்தார். “நமக்கு” என்றார்.

வடகரை அரசர் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அதெல்லாம் சரி, ஆனால் முதன்முதலில் சமைத்தது நாங்கள்தானே?”

தைனோரா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “அரசே, என் கணவர் கரைந்துகொண்டிருக்கிறார்.”

அரசர் திரும்பிப் பார்த்தார். அந்த ஓடக்காரன் நூறு தடவை அவரை அக்கரை சேர்த்தவன். அவன் தோளில் மழை வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. அரசர் முகம் சுருங்கிப்போயிற்று. அகப்பையை வாயில் கவிழ்த்து, நாக்கு வெந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல், “நமக்கு! நமக்கு! நம் எல்லோருக்கும்!” என்று மூன்று கரையும் கேட்கக் கத்தினார்.

சிமிழ் படாரென்று வெடித்தது. அடைபட்டிருந்த ருசி எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மூன்று ராஜ்யத்திலும் ரொட்டி இளகியது. பீட்ரூட் சிவந்தது. பீப்பாய்களில் தேன்மது நுரைத்தது.

ஓடத்தில் பதினொரு பேர் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அல்கிஸ் கண்ணைக் கொட்டினான். மேலே கிடந்த ஆட்டுத்தோலைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், மூன்று அரசர்களைப் பார்த்தான். எதுவும் புரியவில்லை. “தைனோரா,” என்றான் கரகரத்த குரலில், “தாகமாக இருக்கிறது.”

அவ்வளவுதான், நான்கு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “எவ்வளவு வேண்டுமானாலும் நனைந்துகொள்,” என்றாள் அழுகைக்கு நடுவே. “இனி நனைந்தால் சளிதான் பிடிக்கும்.”

“தண்ணீர்! தண்ணீர்!” என்று மற்றப் பத்துப் பேரும் கூவினார்கள். உப்பாக இருந்தவர்களுக்குத் தாகம் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். கரையில் தைனோராவின் சத்திரத்தில் கிரா மறுபடி நுரைக்க ஆரம்பித்திருந்தது. ஓடம் கரை சேர்ந்ததும் ஒன்பது பீப்பாய் காலி.

தனிலோ காளான் பையைத் தேடி எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினான். “காய்ந்தது கொஞ்சம் நனைந்துவிட்டது, அண்ணா.” ஓஸ்தாப் பையை வாங்கவில்லை. பையைப் பிடித்திருந்த கையைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் புருவத் தழும்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து பீப்பாயில் மிச்சமிருந்த பீட்ரூட்டைத் தின்று தீர்த்தார்கள்.

மூன்று அரசர்களும் துறைக் காவலர்களிடமிருந்து ஈட்டிகளை வாங்கிவிட்டு, ஆளுக்கொரு அகப்பை கொடுத்தார்கள். தைனோராவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவள் யோசித்து, இன்னும் பெரிய பானை ஒன்று வேண்டும் என்றாள். மூன்று நாட்டுக் கொல்லர்களும் சேர்ந்து, இருநூறு பேர் சாப்பிடக்கூடிய செம்புப் பானை ஒன்று செய்து கொடுத்தார்கள். உர்ஷுலேவின் கல்யாணச் சாப்பாடு அதில்தான் முதலில் வெந்தது. போகுமீலாவை அல்கிஸே போய் ஓடத்தில் அழைத்து வந்து, மேசையின் முதல் இடத்தில் உட்கார வைத்தான். அன்றைக்குப் பரிமாறிய கொழுக்கட்டைக்குச் சூனியக்காரன் பேரையே வைத்து, “இன்னும் நாலு கல்தூன் போடு!” என்று கேட்டு வாங்கித் தின்றார்கள்.

மழை ஒரு வாரம் பெய்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்தவர்கள் உலர்ந்தார்கள், பசித்தவர்கள் ஏப்பம் விட்டார்கள், போகவேண்டியவர்கள் அக்கரை சேர்ந்தார்கள். கதை அத்தோடு சரி. கையைக் கழுவிவிட்டு வாருங்கள், சாப்பிடலாம்.